படாக் நிலைவாசல்: சிவப்பைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு கட்டுகிறோம். தலைவாசல் நிலைக்கு மரம் பார்க்க வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளுக்குப் போனோம். பர்மா தேக்கு விலை கையைக் கடித்தது. கடைக்காரர் ஆப்பிரிக்கன் படாக் என்று ஒரு கட்டையை இழைத்துக் காட்டினார். குங்குமச் சிவப்பு. எனக்கும் கணவருக்கும் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் ஆசாரி, “அது வேண்டாம்மா, தேக்கே போடுங்க” என்கிறார். காரணம் கேட்டால் மழுப்புகிறார். இந்தச் சிவப்பு நிற்குமா? கரையானையும் உப்புக்காற்றையும் தாங்குமா? பூஜை அறைக் கதவு, ஊஞ்சல் பலகை இரண்டுக்கும் இதையே எடுக்கலாமா? ஆப்பிரிக்கன் தேக்கு என்று இன்னொன்றும் காட்டினார்கள், அது எப்படி? மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. “இதுவும் வேங்கை ஜாதிதான், மிச்சத் துண்டில் தண்ணி குடிக்க ஒரு குவளை கடைஞ்சு குடுங்க” என்கிறார். அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
திருவான்மியூர் வாசகி

பதில்:

சிவப்பு நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பாதி அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது செங்காவியாகி, பிறகு பழுப்பாகி, சில வருஷத்தில் கரும்பழுப்பில் போய் நிற்கும். நிறத்துக்காக மட்டும் வாங்குவதானால் வேண்டாம். நிலைக்கு ஏற்ற மரமா என்று கேட்டால், நல்ல தேக்கு கட்டுப்படியாகாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடைக்காரர் சொன்னதை நம்பாவிட்டாலும் நீங்களே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சாண் நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நிலைக்கு மரம் எடுப்பவர்களுக்கு யாரும் இல்லையென்று சொல்வதில்லை. ஆசாரியிடம் கொடுத்து ஒரு முகத்தை இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த முகத்தின் பாதியை ஒரு எவர்சில்வர் தட்டால் மூடி மொட்டை மாடியில் வையுங்கள். சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். தட்டை எடுத்துப் பார்த்தால் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம் தெரியும். மூடியிருந்த பாதி கடையில் பார்த்த மரம். வெயில் பட்ட பாதி இனி உங்கள் வாசலில் இருக்கப்போகிற மரம். இரண்டாவதும் பிடித்திருந்தால் வாங்குங்கள். எனக்கு அந்தப் பழுப்புதான் பிடிக்கும். புதுப் படாக் கண்ணை உறுத்துகிற சிவப்பு. பழகிய படாக் பழைய ஈட்டி மரம் போல அடங்கிய அழகு. அது என் ருசி, உங்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

இந்த மரம் எங்கிருந்து வருகிறது என்றால், நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதி, கேமரூன், காபோன், இரண்டு காங்கோக்கள் என்று பரவிக் கிடக்கும் மழைக்காடுகளிலிருந்து. முப்பது நாற்பது மீட்டர் வளரும். தாவரவியலில் டெரோகார்பஸ் என்ற பேரினம். நம் வேங்கை அந்தப் பேரினம்தான், செஞ்சந்தனமும் அதேதான். அந்தமான் படாக், பர்மா படாக் இரண்டும் கூட அதன் உறவுகளே. உங்கள் மாமனார் ஜாதியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் ஜாதி ஒன்று என்பதால் மரமும் ஒன்றாகிவிடாது. குவளை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த நாட்டு மக்களுக்கு இந்த மரத்தின் சிவப்பு நமக்கு முன்பே தெரியும். மத்திய ஆப்பிரிக்காவில் மரத்தைத் தேய்த்து எடுத்த பொடியைப் பாமாயிலில் குழைத்து உடம்பில் பூசுவது பழைய வழக்கம். ரசாயனச் சாயங்கள் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் துணிக்குச் சாயமேற்றவும் இந்த வகை மரங்கள் கப்பலில் போயின. சாயத்துக்குப் பேர்போன மரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடும்போது இதுதான் தகராறு செய்யும்.

நிலைக்கு மரம் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, காய்ந்த பிறகு அது சொன்னபடி கேட்குமா என்பதைத்தான். பச்சை மரம் முழுக்கக் காயும்போது எவ்வளவு சுருங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. படாக், மரத்தின் வளர்ச்சி வளையத்துக்குக் குறுக்கே சுமார் 3.3 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.2 சதவீதமும் சுருங்கும். தேக்குக்கு இதே கணக்கு 2.6, 5.3. அதாவது ஏறக்குறைய தேக்கின் பக்கத்திலேயே நிற்கிறது. இவ்வளவு கனமான மரங்களில் இப்படி அமைவது அபூர்வம். நடைமுறையில் சொன்னால், ஐப்பசி மழையில் நாலு சதவீதம் ஈரம் ஏறினால் ஆறு அங்குல அகலச் சட்டம் அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் உப்பும். கதவு இடிக்காமல் மூடுவதற்கு இது போதும். மழைக்கு மழை ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவுக்கு இழைப்புளி போட வைக்கிற வேலை இருக்காது.

கனம் என்றேன். கன மீட்டருக்குச் சுமார் 750 கிலோ. தேக்கு 650 சொச்சம். நம் கடைக் கணக்கில் கன அடிக்குப் படாக் 21 கிலோ, தேக்கு 18 கிலோ. நாலடிக்கு ஏழடித் தலைவாசலுக்கு ஆறுக்கு நாலு அங்குலச் சட்டத்தில் கீழ்ப்படியோடு நிலை செய்தால் 22 அடி நீளம் வரும். கன அடியில் சுமார் 3.7. படாக்கில் அந்த நிலை 78 கிலோ, தூக்கி நிறுத்த நாலு ஆள் வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக் கடையிலேயே இன்னொன்றும் பார்க்கலாம். ஒரு சட்டத்தை எடை போட்டால் கன அடிக்கு 25, 26 கிலோவுக்கு மேல் வந்தால், ஒன்று அது வேறு மரம், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறது.

தண்ணீர் நிற்பதுதான் அதிகம் நடக்கிறது. ஆறுக்கு நாலு மாதிரி தடிமனான சட்டம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். கடைக்காரர் ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டரை மேல்முகத்தில் குத்தி 12 சதவீதம் என்று காட்டுவார். உங்கள் அளவுக்கு அறுக்கும்போது, அறுத்த முகத்தின் நடுவில் குத்தச் சொல்லுங்கள். அங்கேயும் 15-க்குள் இருந்தால் நம் ஊருக்குச் சரி. 20-க்கு மேல் போனால் வீட்டுக்கு எடுத்து வந்து, நிழலில், இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கிக் காயவிட வேண்டும். நிலை வைக்க நாள் குறித்துவிட்டோம் என்று அவசரப்பட்டால் பிறகு மூட்டு வாய் பிளக்கும்.

அடுத்தது வெள்ளை. மரத்தின் நடுவில் உள்ள வைரம்தான் சிவப்பு. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி படாக்கில் நன்றாக அகலம், பெரிய மரத்தில் நாலு அங்குலம் முதல் எட்டு அங்குலம் வரைகூட இருக்கும். வைரத்தைக் கரையானும் பூஞ்சையும் எளிதில் தொடாது. நீடித்து உழைக்கும் மரங்களை வகைப்படுத்துகிறவர்கள் படாக் வைரத்தை முதல் தரத்தில் வைக்கிறார்கள். வெள்ளைக்கு அந்தப் பெருமை எதுவும் கிடையாது. உளுத்துப்போகும், கரையான் அரிக்கும். சட்டத்தின் ஒரு மூலையில் விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடினாலும் கரையானுக்கு அது போதும். சிலர் அந்த மூலையில் செந்நிறம் பூசிவிடுவார்கள். பேனாக்கத்தியால் மூலைகளைச் சுரண்டிப் பாருங்கள்: வைரம் என்றால் சுரண்டச் சுரண்ட இன்னும் பளிச்சென்ற சிவப்பு வரும், பூச்சு என்றால் வெளுத்துவிடும். நாலு மூலையும், இரண்டு முனையும். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

மரத்தைத் தரையில் படாமல் பிடித்துச் சுத்தியல் கட்டையால் தட்டியும் பாருங்கள். படாக் மணி போலக் கணீரென்று ஒலிக்கும். மரிம்பா, சைலபோன் போன்ற வாத்தியங்களின் பலகைகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். தட்டினால் சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

இப்போது உங்கள் ஆசாரி. அவர் மழுப்புவதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை வெளியே சொல்லத்தான் சங்கடப்படுகிறார். படாக் தேக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கடினம். உளி சீக்கிரம் மழுங்கும். ரேகை சில இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும். ஒரு பக்கம் வழவழப்பாக இழைபடும், அரை அடி தள்ளி நார் பிய்ந்து எழும்பும். அங்கே இழைப்புளியைத் திருப்பிப் பிடிக்கவேண்டும், அல்லது உப்புத்தாளில் தேய்த்தே முடிக்கவேண்டும். துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் ஸ்க்ரூ முறியும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தூள். ஆரஞ்சும் சிவப்புமாகக் கிளம்பி மூக்கில் ஏறும், சிலருக்குத் தும்மலும் இருமலும் தோல் அரிப்பும் வரும். தேக்குக்குப் பேசிய கூலியில் படாக் வேலை செய்யச் சொன்னால் எந்த ஆசாரியும் தேக்கே போடுங்க என்றுதான் சொல்வார். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அறுப்பு, இழைப்பு முழுவதையும் மரவாடி பக்கத்து மில்லிலேயே முடித்துக்கொண்டு வந்தால் அவருக்கும் நிம்மதி, உங்கள் சுவருக்கும் நல்லது. வெள்ளைப் புட்டி அடித்த சுவருக்குப் பக்கத்தில் படாக்கைத் தேய்த்தால் அந்தச் சுவரை மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

கரையானைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் மரம் மட்டும் காப்பாற்றும் என்றும் இருக்க வேண்டாம். நிலத்துக் கரையான் வைர மரத்தை விட்டுவிட்டு, அதன் முதுகுப் பக்கமாக மண் கூடு கட்டி ஏறி, உள்ளே ஒட்டுப்பலகை அலமாரியைப் பிடிக்கும். அஸ்திவாரத்திலேயே கரையான் மருந்து அடிக்க இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பொறியாளர் அதன்படி செய்தாரா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் தரை போடும் முன் இன்னும் வாய்ப்பு இருக்கும்.

உப்புக்காற்று மரத்தைத் தின்னாது, இரும்பைத் தின்னும். திருவான்மியூரில் நான் பார்த்த பழுதான நிலைகளில் பெரும்பாலானவற்றில் மரம் நன்றாகவே இருந்தது. கீல் துருப்பிடித்து, ஸ்க்ரூ கரைந்து, கதவு தொங்கிப் போயிருந்தது. கீலும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 தரம் கேளுங்கள், அல்லது கெட்டிப் பித்தளை. பித்தளை முலாம் பூசியது வேண்டாம். சுவருக்குள் போகும் இரும்புக் கிளாம்புக்கு இரண்டு கை எபாக்ஸி பிரைமர்.

நிலை வைக்கும் நாளில் ஒரு சின்ன விஷயம். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பால் தெளிப்பீர்கள். இழைத்த படாக்கின் துளைகள் பெரியவை; கண்ணாலேயே தெரியும், குறுக்கே கீறல் கீறலாக. மஞ்சள் அதற்குள் இறங்கினால் எடுக்க முடியாது. முந்தின நாளே முன்முகத்துக்கு ஒரு கை சீலர் அடித்துவிடச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டும் முதுகுப் பக்கத்துக்கு வழக்கம்போலத் தார்ப் பூச்சு. அதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. ஈர சிமென்ட் காரத்தன்மை (அல்கலி) உள்ளது. இந்த மரத்தின் சாயம் காரத்தில் கரையும். பூசாமல் விட்டால் க்யூரிங் தண்ணீரோடு கறை ஒழுகிப் பூச்சில் இறங்கும்.

பாலிஷுக்கு வருவோம். இந்தச் சாயம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். அரக்கை ஸ்பிரிட்டில் கலந்து போடும் பிரெஞ்சு பாலிஷைப் பாலிஷ்காரர் துணிப் பொட்டலத்தில் தோய்த்துப் படாக்கில் இரண்டு முறை இழுத்தால் பொட்டலம் சிவந்துவிடும். அதே பொட்டலத்தோடு பக்கத்துத் தேக்குக் கதவுக்குப் போனால் பொன்னிறத் தேக்கில் சிவப்புத் தீற்றல். நிலை படாக், கதவு தேக்கு என்று பலர் வைக்கிறார்கள், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் கதவைக் கழற்றித் தனியே பாலிஷ் போடவேண்டும், பொட்டலமும் தனி. வெளிவாசலுக்கு பிரெஞ்சு பாலிஷே வேண்டாம், மெலமைனும் வேண்டாம். வெளிப்புறத்துக்கென்று வரும், வெயிலைத் தடுக்கும் சேர்மானம் உள்ள பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு போடுங்கள். சிவப்பு கொஞ்ச காலம் கூடத் தாங்கும், நிரந்தரமாகத் தாங்காது. நிறம் போகவே போகாது என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள்.

பூஜை அறைக் கதவு உள்ளே இருப்பதால் நிறம் மெதுவாகத்தான் மாறும். மணி கட்டுகிற கட்டங்களும் பெரிய பூவேலையும் படாக்கில் நன்றாக வரும். லட்சுமி முகம், சின்ன விரல் என்று நுணுக்கம் வேண்டுமானால் தேக்குக்குப் போங்கள். எதிர் ரேகையில் மூக்கு நுனி பெயர்ந்து வந்தால் சிற்பிக்கும் வருத்தம், உங்களுக்கும் வருத்தம்.

ஊஞ்சலுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஆறடிக்கு இரண்டடி, ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் ஒன்றரை கன அடி, சுமார் 32 கிலோ. கொக்கியைக் காங்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டடி அகலத்துக்கு ஒரே பலகை தேடாதீர்கள். கிடைத்தாலும் அதில் வெள்ளை இருக்கும், மழைக்கு நாலு மில்லிமீட்டர் உப்பவும் செய்யும். நாலு பலகையைச் சேர்த்து ஒட்டினால் போதும், பசை நன்றாகப் பிடிக்கும் மரம் இது. நன்றாகப் பூச்சு போட்ட பிறகு சேலையில் ஒட்டாது. பூச்சில்லாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்தால் வெள்ளை வேட்டிக்கு நான் பொறுப்பல்ல.

ஆப்பிரிக்கன் தேக்கு என்ற பெயரில் இரண்டு மரங்கள் வருகின்றன. கானா, தான்சானியா போன்ற நாடுகளின் தோட்டத்தில் வளர்ந்தது நம் தேக்கேதான், இளம் மரம் என்பதால் வெள்ளை அதிகம் இருக்கும், பார்த்து எடுக்கவேண்டும். இன்னொன்று இரோக்கோ. அது பலா, ஆல் குடும்பத்து மரம். உறுதியானதுதான், ஆனால் தேக்கு இல்லை, தேக்கின் எண்ணெய்ப்பசை அதில் கிடையாது. உள்ளே சுண்ணாம்புக் கல் மாதிரிப் படிவு இருந்து ரம்பத்தின் பல்லை உடைக்கும். தேக்கு விலை கொடுக்காமல் இரோக்கோ விலைக்கு வாங்கினால் தப்பில்லை.

பில் விஷயம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையான சைட்டீஸின் மாநாடு பனாமாவில் 2022 நவம்பரில் நடந்தது. அதில் ஆப்பிரிக்காவில் வளரும் டெரோகார்பஸ் மரங்கள் எல்லாம் இரண்டாவது பட்டியலில் சேர்க்கப்பட்டன. வெட்டி ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் கப்பலேறலாம். தடை இல்லை, கட்டுப்பாடு. இறக்குமதியாளரிடம் அந்தக் காகிதம் இருக்கவேண்டும், உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஜி.எஸ்.டி. பில்லில் வெறுமனே மரம் என்று எழுதாமல், ஆப்பிரிக்கன் படாக், சட்டத்தின் அளவு, மொத்தக் கன அடி என்று எழுதி வாங்குங்கள். அளவை இழைப்பதற்கு முன்னால் அளந்ததா, இழைத்த பிறகா என்றும் கேளுங்கள். ஆறுக்கு நாலு என்று விற்பது இழைத்து முடித்ததும் ஐந்தேமுக்காலுக்கு மூன்றேமுக்கால் ஆகிவிடும்.

மாமனாரின் குவளை வேண்டாம். சர்க்கரைக்கென்று விற்கும் குவளை வேங்கை மரத்தில் செய்தது. அதைக்கூட மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சொல்லி எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். படாக்கில் ஊறிய தண்ணீரைக் குடிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அதன் தூளே பலருக்கு ஒவ்வாது. அவருக்கு மிச்சத் துண்டில் ஒரு கைத்தடி கடைந்து கொடுங்கள். கைப்பிடியிலிருந்து நுனிவரை ரேகை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், எதிர் ரேகை உள்ளதென்றால் ஊன்றும்போது ஒடியும்.